பாய்ப்படகு மோட்டர் அதிர்ந்தால் என்ன செய்வது? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொல்கொடை ஏரியிலும் தெஹிவளை, கல்கிசைக் கரையிலும் 16 முதல் 22 அடி வரையான பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 2.5 முதல் 10 குதிரைவலு வரையான வெளியிணைப்பு மோட்டர் ஒன்றைத்தான் பின்னால் பூட்டியிருப்பார்கள். காற்று விழுந்துவிட்டால் கரைசேர அது ஒன்றுதான் துணை. அது நடுங்கத் தொடங்கினால் பலர் நேரே கார்புரேட்டரைக் கழற்றப் போகிறார்கள். புரொப்பெல்லரிலும் மோட்டரைப் பூட்டியிருக்கும் இடத்திலும் கையை வைத்துப் பார்க்காமல் இஞ்சினைத் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்களும் அந்த ஒழுங்கில்தான் போகின்றன.

மோட்டர் அதிர்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் நியூட்ரல். மோட்டரை ஸ்டார்ட் செய்து, சூடாகும்வரை இரண்டு மூன்று நிமிடம் விட்டு, நியூட்ரலில் மெதுவாக வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். அதிகம் கூட்ட வேண்டாம், சுமை இல்லாத இஞ்சினை உறுமவிடுவது அதற்கு நல்லதல்ல. நியூட்ரலில் ஒழுங்காக ஓடி, கியரில் போட்டதும் அதிர்ந்தால், கோளாறு தண்ணீருக்குக் கீழே: புரொப்பெல்லர், அதன் ஷாஃப்ட், கியர். நியூட்ரலிலேயே குலுங்கினால் தலைப்பகுதியில்: பிளக், எரிபொருள், கார்புரேட்டர். இரண்டு நிலையிலும் மோட்டர் பரவாயில்லை, படகுதான் நடுங்குகிறது என்றால் பூட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள்.

மிகச் சிறிய 2 குதிரைவலு மோட்டர்கள் சிலவற்றில் நியூட்ரல் கிடையாது. அப்படியானால் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் அதே விடை கிடைக்கும்.

எவ்வளவு அதிர்வு இயல்பானது? புது மோட்டரும் நடுங்குகிறதே.

நடுங்கும். 4, 5, 6 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் மோட்டர்களில் இப்போது வருபவை பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர். தோஹாட்சு 6 குதிரைவலு 123 சிசி, யமஹா எஃப்6 139 சிசி, இரண்டிலும் ஒரே ஒரு பிஸ்டன்தான். நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நடக்கும். ஆகவே மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு வெடிப்பும் கையில் தெரியும். கியரில் போட்டு வேகத்தைக் கால்வாசி கூட்டியதும் அது அடங்க வேண்டும். அடங்கினால் நிம்மதியாக இருங்கள். 8, 9.9 குதிரைவலு இரட்டைச் சிலிண்டர் மோட்டருக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது, அது தொடக்கத்திலிருந்தே ஓரளவு அமைதியாக ஓட வேண்டியது.

நேற்று இல்லாத அதிர்வு இன்று வந்திருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. உங்கள் மோட்டரின் வழக்கமான நடுக்கம் எது என்று உங்கள் கைக்குத்தான் தெரியும்.

கியரில் போட்டால் மட்டும் அதிர்கிறது. என்ன காரணம்?

எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல். கரையோரம் முழுக்க அறுந்த தங்கூசி வலையும் தூண்டில் நூலும் மிதக்கின்றன, முகத்துவாரம், காக்கைதீவுப் பக்கம் போனால் இன்னும் அதிகம். பொல்கொடையில் அதோடு சல்வீனியா என்ற நீர்க்களையும் ஆகாயத்தாமரை வேரும் பொலித்தீன் பையும் சேர்ந்துகொள்ளும். புரொப்பெல்லரின் ஒரு அலகில் (இறகில்) மட்டும் ஏதாவது சுற்றினாலே போதும், முழு மோட்டரும் ஆடும்.

மோட்டரை நிறுத்துங்கள். இழுத்தால் மோட்டரை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றுங்கள். பிளக் வயரையும் பிடுங்கிவிடுங்கள். இந்த மூன்றும் முடியாமல் புரொப்பெல்லரில் விரல் வைக்கவே வைக்காதீர்கள், சூடான இஞ்சின் கையால் சுற்றும்போதுகூட ஒருமுறை வெடித்து உதைக்கலாம். பிறகு மோட்டரைத் தூக்கி, வெளியே தெரியும் குப்பையை எடுத்துவிட்டு, புரொப்பெல்லரையும் கழற்றிப் பாருங்கள். தங்கூசி பெரும்பாலும் வெளியே தெரியாது. புரொப்பெல்லருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில், ஷாஃப்ட்டைச் சுற்றி இறுகிக் கிடக்கும். ஓடும் சூட்டில் உருகி வளையமாகிப் போயிருப்பதும் உண்டு. கத்தியால் வெட்டும்போது பின்னால் இருக்கும் ஆயில் சீலைக் கீறிவிடாமல், முனையைத் தேடி எடுத்து, சுற்றியதற்கு எதிர்த் திசையில் அவிழ்ப்பது நல்லது.

நூல் எதுவும் இல்லையென்றால் அலகைப் பாருங்கள். நிமிடத்துக்கு 5000 சுற்றில் இஞ்சின் ஓடும்போது, இந்த அளவு மோட்டர்களில் புரொப்பெல்லர் ஏறத்தாழ 2400 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஒரு அலகின் நுனியில் போன சிறு துண்டுகூடப் பெரிய ஆட்டம் கொடுக்கும். ஒரு இறகு வளைந்த சீலிங் ஃபானை வேகம் கூட்டினால் என்ன ஆகுமோ அதேதான். மோட்டரைத் தண்ணீரிலேயே இறக்கி வைத்திருப்பவர்களுக்குக் கொட்டலசும் (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டும். எல்லா அலகிலும் ஒரே அளவில் ஒட்டாததால் அதுவும் சமநிலையைக் கெடுக்கும். சுரண்டி எடுங்கள், மரத்துண்டு போதும், இரும்பு வேண்டாம்.

அலகு வளைந்திருக்கிறதா என்று வீட்டில் எப்படிச் சோதிப்பது?

மோட்டரை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வையுங்கள். ஒரு பென்சிலையோ ஐஸ்கிரீம் குச்சியையோ கியர் பெட்டியில் டேப் போட்டு ஒட்டி, அதன் நுனி ஒரு அலகின் விளிம்பை மயிரிழை விட்டு நிற்கும்படி செய்யுங்கள். கையால் மெதுவாகச் சுற்றி, மற்ற அலகுகளின் விளிம்பும் அதே இடைவெளியில் வருகின்றனவா என்று பாருங்கள். ஒன்று உரசி, ஒன்று விலகிப் போனால் அலகோ ஷாஃப்ட்டோ வளைந்திருக்கிறது.

எது என்று பிரித்தறிய, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு அதே குச்சியை ஷாஃப்ட்டின் நுனிக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றுங்கள். ஷாஃப்ட்டின் நுனி வட்டமிட்டு ஆடினால் அது வளைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால் தட்டி நிமிர்த்த முயலாமல் மாற்றிவிடுங்கள். வளைந்த ஷாஃப்ட்டோடு ஓடினால் முதலில் ஆயில் சீல் போகும், அப்புறம் பெயரிங், கடைசியில் கியரும் போகும்.

வேகம் கூட்டினால் இஞ்சின் சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லை, கூடவே ஒரு நடுக்கம்.

இதற்கு இரண்டு காரணம் உண்டு, வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

ஒன்று, புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குவது. கல்லில் மோதினால் கியர் உடையாமல் காப்பதற்காக வைத்திருக்கும் ரப்பர் அது, வயதானால் பிடி விடும். பெயிண்டால் உள்புஷ்ஷிலிருந்து வெளிவளையம் வரை ஒரு நேர்கோடு போடுங்கள். ஒருமுறை நல்ல வேகத்தில் ஓடிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. சிறிய மோட்டர்களில் புஷ்ஷுக்குப் பதிலாக, மோதினால் தானே முறியும் ஒரு ஷியர் பின் இருக்கும். அது முறிந்தால் படகு நகரவே நகராது. புதுப் பின் இரண்டு எப்போதும் படகில் இருக்கட்டும். அந்த இடத்தில் ஆணியைச் செருகிவிடாதீர்கள், அடுத்த மோதலில் பின்னுக்குப் பதிலாகக் கியர் உடையும்.

மற்றது, புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சுவது. அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

ஏரியில் ஒரு குறையும் இல்லை. கல்கிசைக்கு வெளியே கடலில் போனால்தான் விட்டுவிட்டு அதிர்கிறது.

அலையில் படகின் பின்புறம் எழும்பும்போது புரொப்பெல்லர் மேற்பரப்புக்குக் கிட்ட வந்து காற்றை இழுக்கிறது. சுமை போனதும் இஞ்சின் உறுமும், திரும்பத் தண்ணீரைக் கடிக்கும்போது ஒரு உதறல் வரும். முன்தளத்தில் ஒருவர் போய் முன்பாயை இறக்கும்போது இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் அவருடைய எடை முன்னால் போகப் பின்புறம் தூக்கிவிடும்.

புரொப்பெல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கிறதல்லவா, அதைப் பாருங்கள். மீனவர்களின் ஃபைபர் வள்ளங்களில் அந்தத் தகடு படகின் அடிப்பாகத்தோடு ஏறத்தாழ மட்டமாக இருக்கும், வேகமாக ஓடும் வள்ளத்துக்கு அது சரி. பாய்ப்படகு மெதுவாக ஓடுவது, பின்புறம் தூக்கித் தூக்கி விழுவது. நமக்குத் தகடு நீர்மட்டத்துக்குக் கீழே நன்றாக ஆழத்தில் இருக்க வேண்டும், 15 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. வெளியிணைப்பு மோட்டர்கள் 15, 20, 25 அங்குலக் கால் நீளங்களில் வருகின்றன. வள்ளத்திலிருந்து கழற்றிய 15 அங்குல மோட்டரை மலிவாக வாங்கிப் பாய்ப்படகில் பூட்டினால் இந்தத் தொல்லை நிச்சயம். மோட்டரைத் தாங்கும் பிராக்கெட் கீழிறக்கக்கூடியதாக இருந்தால் ஒரு படி இறக்கிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் 20 அல்லது 25 அங்குல மோட்டர்தான் தீர்வு.

நியூட்ரலிலேயே குலுங்குகிறது. இரட்டைச் சிலிண்டர் மோட்டர்.

ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு பிளக்கையும் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நன்றாக எரியும் சிலிண்டரின் பிளக் காய்ந்து இளம் பழுப்பாக இருக்கும். எரியாததன் பிளக் நனைந்து, பெற்றோல் மணத்தோடு வரும். நனைந்த இடத்தில் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். அதற்கும் மாறாவிட்டால் பிளக் தொப்பி, வயர், கொயில் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். ஓடும்போதே பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் கராஜ்களில் இருக்கிறது. இந்த மோட்டர்களின் மின்னணுப் பற்றவைப்புப் பெட்டி அதைத் தாங்காமல் எரிந்துபோகலாம், அதனால் வேண்டாம்.

ஒற்றைச் சிலிண்டர் மோட்டர், மெதுவாக ஓடும்போது மட்டும் துள்ளுகிறது.

சோக்கை அரைவாசி இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் ஓட்டம் சீரானால் இஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை. கார்புரேட்டரில் மெதுவோட்டத்துக்கான ஜெட்டின் துளை மிக நுண்ணியது. ஒன்றிரண்டு மாதம் மோட்டரைத் தொடாமல் வைத்திருந்தால் பெற்றோல் ஆவியாகி, மிச்சப் பசை அந்தத் துளையை அடைத்துவிடும். கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்துவிடும். சோக்கை இழுத்ததும் நிலைமை இன்னும் மோசமானால் பெற்றோல் ஏற்கெனவே அதிகமாகப் போகிறது என்று பொருள், மிதவையையும் ஊசியையும் பாருங்கள்.

அதற்கும் முன்னால், பெற்றோல் தாங்கியின் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால் மோட்டர் சில நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு தடுமாறத் தொடங்கும். அடிக்கடி நடப்பது இது.

மோட்டர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஆனால் படகு முழுவதும் அதிர்கிறது.

இதை இரண்டு பேராகப் பார்ப்பது நல்லது. மோட்டரை நிறுத்திவிட்டு, ஒருவர் மோட்டரின் மேல்மூடியைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் பலமாக ஆட்ட வேண்டும். மற்றவர் குனிந்து, எங்கே இடைவெளி திறந்து மூடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆட்டம் தெரியக்கூடிய இடங்கள் நான்கு: மோட்டருக்கும் அதைப் பூட்டும் பிடிக்கும் (கிளாம்ப்) நடுவில், பிடிக்கும் அது கவ்வும் பலகைக்கும் நடுவில், பலகைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில், பிராக்கெட்டுக்கும் படகுக்கும் நடுவில்.

மோட்டருக்கும் பிடிக்கும் நடுவில் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்திருக்கும், அல்லது மோட்டர் திரும்பும் குழாயின் புஷ் போயிருக்கும். எங்கள் வெயிலிலும் பெற்றோல் ஆவியிலும் ரப்பர் வெடித்து இறுகிவிடுகிறது. மேல் மவுண்ட், கீழ் மவுண்ட் இரண்டையும் ஒரே தடவையில் மாற்றுவது நல்லது, ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் புதியது சீக்கிரம் கெடும்.

பிடிக்கும் பலகைக்கும் நடுவில் என்றால் இறுக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றன. கையால் முடிந்தவரை இறுக்குங்கள், ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இன்னொரு தடவை பாருங்கள். புது மரப்பலகை அமுங்கிக் கொடுக்கும். அந்தத் திருகின் மரையில் கிரீஸ் பூசாவிட்டால் உப்புப் பிடித்து இறுகி, நீங்கள் இறுக்கியதாக நினைப்பது உண்மையில் இறுகியிருக்காது. மோட்டர் கழன்றாலும் தண்ணீரில் போகாமலிருக்க, அதிலிருந்து படகுக்கு ஒரு கயிறும் கட்டாயம் இருக்கட்டும்.

நான்காவது இடம்தான் எனக்குக் கவலை தருவது. பின்பலகை, அதாவது படகின் பின்சுவர், பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே வைத்த பிளைவூட். பிராக்கெட்டின் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே மரம் உக்கிப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்குரூடிரைவரின் பிடியால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஒலி மங்கி, மொத்தென்று கேட்கும் இடம் உக்கிய இடம். போல்ட்டை இறுக்க இறுக்க வாஷர் உள்ளே புதைந்தாலும் அதே முடிவுதான். அப்படிப்பட்ட படகைக் கடலுக்கு எடுக்காதீர்கள். நனைந்த மரத்தை வெட்டி எடுத்து, காயவைத்து, எபொக்சியோடு புதுப் பிளைவூட் வைத்து, உள்பக்கம் அகலமான உலோகத் தகடு கொடுத்துப் போல்ட் பூட்ட வேண்டும். மொரட்டுவையில் ஃபைபர் வேலையும் மரவேலையும் தெரிந்த பாஸ்மார் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள்.

சுக்கானைத் திருப்பும்போது மட்டும் நடுங்குகிறது.

மோட்டர் சுக்கானுக்குப் பக்கத்தில் இருப்பதால் புரொப்பெல்லர் தள்ளும் நீர் திரும்பிய சுக்கானில் மோதுகிறது. மோட்டரையும் சுக்கானையும் ஒரே பக்கமாகத் திருப்பினால் குறையும். சுக்கானின் கீல் பின்களில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்து, அதைத் தாண்டினால் நின்றுவிடுகிறது.

பிராக்கெட், பலகை, மூடி ஏதோ ஒன்றின் இயல்பான அதிர்வெண்ணும் இஞ்சினின் வேகமும் அந்த இடத்தில் பொருந்திவிடுகின்றன. எல்லாப் போல்ட்டும் இறுகியிருந்தால், அந்த வேகத்தில் நிற்காமல் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஓடலாம்.

கியர் எண்ணெயைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். தங்கூசி சுற்றியதைக் கண்டிருந்தால் அன்றைக்கே பாருங்கள். கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் சில துளி வரும். தெளிவாக இருந்தால் சரி. வெளிறிக் கலங்கியிருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போய்விட்டது. திருகின் காந்த முனையிலோ எண்ணெயிலோ உலோகத் துண்டு தெரிந்தால் கியரோ பெயரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது, அதோடு ஓடக் கூடாது. புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்றி, மேல் துளையால் வெளியே வரும்வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று தங்கிவிடும். இரண்டு வாஷரையும் புதிதாகப் போடுங்கள்.

டிரம்மில் ஓட்டிச் சோதிக்கலாமா?

சோதிக்கலாம். தண்ணீர் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகட்டுக்கு மேல் நிற்க வேண்டும், மூடிய கராஜுக்குள் ஓட்டக் கூடாது. புகை டிரம்மிலேயே சுற்றித் திரும்ப இஞ்சினுக்குள் போவதால், சிறிது நேரத்தில் நல்ல மோட்டரும் தடுமாறும். அதை வைத்துக் கார்புரேட்டரைத் திருகாதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் சில்லு கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை போதுமா?

பெயரிங், ஆயில் சீல், பிளக் போன்ற அளவு இலக்கம் உள்ளவை அங்கே கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பிளக்குக்கு இலக்கம் முழுவதும் பொருந்த வேண்டும். ரப்பர் மவுண்ட், புரொப்பெல்லர், ஷியர் பின் ஆகியவற்றை அந்தந்த மோட்டரின் முகவரிடம் வாங்குவதே நல்லது. உடைந்த அலுமினிய அலகை வெல்டிங் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம், ஆனால் மற்ற அலகுகளின் வளைவும் எடையும் அதற்கு வர வேண்டும். வராவிட்டால் செலவழித்து அதிர்வை வாங்கிய கணக்குத்தான். வெல்டிங் செய்ததை மாற்றுப் புரொப்பெல்லராகப் படகில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் இருக்கும்போதே திடீரென்று பலமாக அதிர்ந்தால்?

வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள், அதிர்வு நிற்காவிட்டால் மோட்டரை அணைத்துவிடுங்கள். பிறகு பாயை ஏற்றுங்கள். நம் கையில் பாய் இருக்கிறது, மோட்டரை அந்த இடத்திலேயே ஓடவைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காற்றே இல்லையென்றால் ஆழம் இடம்கொடுத்தால் நங்கூரம் போடுங்கள். கொழும்புத் துறைமுக வாயிலுக்கு அருகில் என்றால் கப்பல் பாதையை விட்டு விலகுவதுதான் முதல் வேலை, பெரிய கப்பலால் உங்களுக்காக நிற்க முடியாது. விலக முடியாவிட்டால் விஎச்எஃப் வானொலியின் 16ஆம் சனலில் சொல்லுங்கள். பின்பலகைக்கு வெளியே குனிந்து புரொப்பெல்லரைப் பார்க்கப் போகுமுன் உயிர்காப்பு அங்கி போட்டிருக்க வேண்டும், ஒருவர் உங்களைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சோழகத்துக்கு (தென்மேல் பருவக்காற்றுக் காலத்துக்கு) படகை ஏற்றி வைத்தேன். பிறகு எடுத்தால் புகையும் குலுக்கலும். மோட்டரைப் படுக்கவைத்ததால் இருக்குமா?

இருக்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருப்பதால் பலர் மோட்டரைக் கழற்றிக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நான்கு ஸ்ட்ரோக் மோட்டரை எந்தப் பக்கம் படுக்கவைக்கலாம் என்று அதன் உடலிலேயோ கையேட்டிலேயோ குறித்திருக்கும். மற்றப் பக்கம் படுத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கயிறு இழுக்க வராமல் இறுகியிருந்தால் பலம்கொண்டு இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, துளைக்கு மேல் துணி போட்டு, மெதுவாகச் சில தடவை இழுத்து எண்ணெயை வெளியேற்றுங்கள். காய்ந்த பிளக் போட்டு, எண்ணெய் மட்டம் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் வெள்ளைப் புகை வரும், பிறகு நின்று ஓட்டம் சீராகும். கால் மணி நேரம் ஓடியும் குலுக்கல் நிற்கவில்லையென்றால் ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்த தடவை ஏற்றி வைக்கும்போது பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள்.